வேரைக் கழுவிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

"மக்காச்சோளத்த யாராச்சும் நடுவாங்களா தம்பி? ஊன்றதுதான முறை?"

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வரப்பில் நின்று கேட்டார். என் கையில் 98 குழி கொண்ட நாற்றுத் தட்டு. தட்டு நிறைய இனிப்பு மக்காச்சோள நாற்று; விதைத்துப் பன்னிரண்டு நாள், இரண்டு இலை விரிந்து மூன்றாவது எட்டிப் பார்க்கும் பருவம். அண்ணன் கேலிக்குக் கேட்கவில்லை. ஒரு போகம் வீணாகிவிடுமே என்ற கவலையில் கேட்டார். உடுமலைப் பக்கம் கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் போட்டே தலைமுறை கண்டவர். அவர் சொல்வதை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனசு வராது. ஆனால் அவர் சொன்னது தவறு.

அவர் மட்டும் சொல்லவில்லை. விதைக்கடையில் அதையே சொல்கிறார்கள். மாடித்தோட்டம் போடுகிறவர்கள் கூடும் இடத்தில் இது ஒரு வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கப்படுகிறது: தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்று விட்டு நடலாம், வெண்டை, அவரை, மக்காச்சோளம் நேரடியாகத்தான் ஊன்ற வேண்டும், மக்காச்சோளத்தின் வேரைத் தொட்டால் செடி போச்சு. புதிதாகத் தோட்டம் போட வருகிற பிள்ளைகள் இதைக் கேட்டுவிட்டு, விலை உயர்ந்த விதையை மண்ணில் ஊன்றி, எலிக்கும் மயிலுக்கும் மழைக்கும் கொடுத்துவிட்டு, "எனக்கு மக்காச்சோளம் வரல" என்று விட்டுவிடுகிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வேர். "ஆணிவேர் அறுந்துட்டா அப்புறம் என்ன இருக்கு" என்பதுதான் எதிர்ப்பின் அடிக்கல். அந்தக் கல்லே அங்கே இல்லை. மக்காச்சோளம் புல் குடும்பத்துப் பயிர். அதற்கு ஆணிவேர் கிடையாது, சல்லிவேர்தான். விதையிலிருந்து முதலில் இறங்கும் வேரைப் பார்த்துவிட்டு அதுவே ஆணிவேர் என்று நினைத்துக்கொள்கிறோம். அது சில வாரங்களுக்கான வேர்.

போன தைப்பட்டத்தில் இதை என் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். நேரடியாக ஊன்றி 30 நாள் ஆன செடி ஒன்றைச் சுற்றி ஒரு முழம் விட்டு மண்வெட்டியால் வெட்டி, மண்கட்டியோடு தூக்கி வாளித் தண்ணீரில் ஊறவிட்டேன். அரைமணி நேரம் கழித்து, மண் தானாகக் கரைந்து இறங்கிய பிறகு மெதுவாக அலசினேன். அடியில் விதையின் தோல் மட்டும் இருந்தது. அழுத்தினால் உள்ளே ஒன்றுமில்லை, வெறும் சக்கை. அதிலிருந்து பழுப்பேறிய நூல் போல ஒரு வேர், பக்கத்தில் இன்னும் மூன்று. விதைக்கு மேலே ஒரு அங்குலத்துக்கு வேரே இல்லாத மெல்லிய தண்டு. அதற்கும் மேலே, மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, செடியின் கழுத்து. அங்கேதான் இருந்தது உண்மையான வேர்க்கூட்டம். ஒரு கணுவில் சுற்றிலும் நாலைந்து வேர். அதற்கு மேல் கணுவில் அதைவிடத் தடித்த வேர்கள். அடுத்த கணுவில் பென்சில் முனை கனத்துக்கு, வெள்ளை வெளேரென்று. மேல் கணுவில் புது வேர்களின் முனைகள் அப்போதுதான் பல் முளைப்பதுபோல வெளியே தலைநீட்டியிருந்தன. கீழே இருந்த பழுப்பு நூலை நகத்தால் கிள்ளிப் போட்டேன். அந்த வயதில் அந்தச் செடிக்கு அது ஒரு இழப்பே இல்லை.

அடுத்து, அதே நாளில் தட்டில் விதைத்து 12-ஆம் நாள் நட்ட செடி ஒன்றையும் அதேபோலத் தோண்டி அலசினேன். அதே கணுக்கள், அதே அடுக்கு. கழுத்துக்குக் கீழே, தட்டில் நிரப்பிய தென்னை நார்க்கழிவுக் கட்டியின் அடையாளம் கைப்பிடியளவு இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் கட்டியையும் உதறிவிட்டு, இரண்டையும் சாக்கின் மேல் வைத்து அண்ணனைக் கூப்பிட்டு, எது நட்டது என்று கேட்டேன். குனிந்து, புரட்டி, வேரைக் கையால் வருடிப் பார்த்தார். தவறானதைக் காட்டினார்.

விதை எவ்வளவு ஆழத்தில் விழுந்தாலும், மக்காச்சோளம் தன் கழுத்தை மண்மட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு அங்குலம் கீழேயே அமைத்துக்கொள்ளும். விதைக்கும் கழுத்துக்கும் நடுவே இருக்கிற அந்த வெறுந்தண்டு நீண்டோ குறுகியோ கணக்கைச் சரிசெய்துவிடும். இரண்டாம் இலைப் பருவத்திலிருந்தே கழுத்திலிருந்து கணுவேர் கிளம்பத் தொடங்குகிறது. ஆறாம் இலைப் பருவத்துக்குள் செடியின் முழுப் பாரத்தையும் அதுவே ஏற்றுக்கொள்கிறது. ஆகவே இரண்டு மூன்று இலையில் நடும்போது, செடியை வாழ்நாள் முழுக்கத் தாங்கப்போகிற வேர்கள் பெரும்பாலும் இன்னும் பிறக்கவே இல்லை. அவை பிறந்து ஓடப்போவது நம் தோட்டத்து மண்ணில்தான். இன்னும் இல்லாத வேரை எப்படி அறுக்க முடியும்?

இன்னொன்றும் கேட்கிறேன். நாம் நெல்லை நடுகிறோம். ராகியை நாற்றுவிட்டு நடுகிறோம். இறவைச் சோளத்தையும் கம்பையும் 15 முதல் 18 நாள் நாற்றாகப் பிடுங்கி நடுகிற பழக்கம் இந்த மண்ணில் வெகுகாலமாக இருக்கிறது. இந்தப் பயிர்களை நாற்றங்காலில் வெறும் வேரோடு பிடுங்கி, கட்டுக்கட்டித் தூக்கிவந்து நடுகிறோம். அப்போது வேர் அறுகிறதா இல்லையா? அறுகிறது. பயிர் பிழைக்கிறதா? பிழைத்துத் தூர் கட்டுகிறது. இப்போது கரும்பையே ஒரு பரு வெட்டித் தட்டில் முளைக்கவைத்து நாற்றாக நடுகிறார்கள். உண்மையிலேயே ஆணிவேர் உள்ள துவரையைக்கூடப் பையில் வளர்த்து நடும் முறை தமிழ்நாட்டில் பரவியிருக்கிறது. இவர்கள் எல்லாம் மக்காச்சோளத்தின் பங்காளிகளும் பக்கத்து வீட்டுக்காரர்களும். மக்காச்சோளத்துக்கு மட்டும் இந்தத் தீட்டு எங்கிருந்து வந்தது?

நம் ஊரில்தான் இது புதுசு. வட வியட்நாமில் செவ்வாற்றுப் படுகையில் இரண்டு போகம் நெல் அறுத்துவிட்டு, குளிர்காலத்துக்குள் மூன்றாவதாக ஒரு பயிர் எடுக்க நாள் போதாது என்பதால், நெல் வயலில் நிற்கும்போதே மக்காச்சோளத்தைச் சேற்று உருண்டைகளில் முளைக்கவைத்து, அறுவடை முடிந்த ஈர வயலில் கொண்டுபோய் நட்டார்கள். வட கொரியாவில் மக்குக் கட்டிகளில் நாற்று வளர்த்து வயல் வயலாக நடுவது நெடுநாள் நடைமுறை. இங்கிலாந்தில் வீட்டுத்தோட்டம் போடுகிறவர்கள் பலருக்கும் இதுதான் வழக்கம். பனி விலகுகிற வரைக்கும் நாற்றை வீட்டுக்குள் வளர்த்து, பிறகு தோட்டத்தில் இறக்குகிறார்கள்.

இனி, எதிர்ப்பில் உள்ள உண்மை. அதை மறைத்துவிட்டு வாதாடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நான் முதல்முறை நட்டது தோற்றுப்போனது. தட்டு தயாராக இருந்தது, ஆள் கிடைக்கவில்லை. ஆள் கிடைத்த அன்று மழை. நாள் தள்ளித் தள்ளி 25 நாள் நாற்றை நட்டேன். குழிக்குள் வேர் சுற்றிச் சுற்றி நார்ப்பந்து போல இறுகியிருந்தது. அடி இலை மஞ்சளாகியிருந்தது. நட்டதெல்லாம் பிழைத்தது. ஆனால் முழங்கால் உயரத்தில் ஆண் பூ தள்ளிவிட்டது. கதிர் கட்டைவிரல் அளவு. வரப்பில் போனவர் எல்லாரும் பார்த்தார்கள்; மக்காச்சோளம் நடவுக்கு ஆகாது என்பதற்கு என் காடே சாட்சியாகிவிட்டது.

இப்படித்தான் அந்தக் கருத்து ஊரெல்லாம் உயிரோடு இருக்கிறது. யாரோ ஒருவர் மூத்த நாற்றை நட்டிருப்பார், கெட்டிருக்கும், நடவின் மேல் பழி விழுந்திருக்கும். மக்காச்சோளச் செடி ஐந்தாறு இலை விரிக்கிற பருவத்துக்குள் தன் வாழ்க்கைத் திட்டம் முழுவதையும் போட்டு முடித்துவிடுகிறது. எத்தனை இலை, எந்தெந்தக் கணுவில் கதிர், எல்லாம் அந்தச் சின்னக் குருத்துக்குள் தீர்மானமாகிவிடும். ஆண் பூவின் கருவும் அப்போதே உருவாகத் தொடங்கும். தக்காளியும் மிளகாயும் அப்படியில்லை. அவை பட்ட அடிக்குப் பிறகும் கிளைத்து, மறுபடி மறுபடி பூத்துச் சரிக்கட்டிக்கொள்ளும். மக்காச்சோளத்துக்கு ஒரே தண்டு, ஒரே வாய்ப்பு. ஆகவே திட்டம் போடுகிற அந்த நாட்களில் அது பட்டினி கிடக்கக் கூடாது, இறுகிய குழிக்குள் மூச்சு முட்டக் கூடாது. 25 நாள் நாற்று கெட்டது நட்டதால் இல்லை, நடாமல் வைத்திருந்ததால். அடுத்த பட்டத்தில் அதே தட்டு, அதே நார்க்கழிவு, அதே மண்ணில் 12-ஆம் நாள் நட்டேன். ஆள் உயரத்துக்கு மேல் போனது.

"நட்டால் குட்டையாகும்" என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: எத்தனை நாள் நாற்று?

இன்னொரு நியாயமும் உண்டு, கூலி. ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் தீவன மக்காச்சோளம் போடுகிறவர் தட்டு வாங்கி, நார்க்கழிவு நிரப்பி, ஆள் விட்டு நட்டால் கட்டுப்படி ஆகாது. அவருக்கு ஊன்றுவதுதான் சரி. நான் அவரை மாறச் சொல்லவில்லை. 60-க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 27,000 செடி வரும். அதற்கு 98 குழித் தட்டு 275-க்கு மேல் வேண்டும். ஆனால் 10 சென்ட் போடுகிறவருக்கு 30 தட்டு போதும். மூன்று பேர் அரை நாளில் நட்டுவிடலாம். வீட்டுக் கொல்லையிலும் மாடியிலும் போடுகிறவருக்கு ஒரே தட்டு. பத்து ஏக்கர்க்காரரின் கணக்கை எடுத்துவந்து பத்துச் சென்ட்காரரின் தலையில் கட்டுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

அதைவிடப் பெரிய தவறு, தீவன மக்காச்சோள விதையையும் இனிப்பு மக்காச்சோள விதையையும் ஒன்றாக நினைப்பது. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். தீவன விதை கொழுகொழுவென்று, பல் மாதிரி, கெட்டியாக இருக்கும். இனிப்பு விதை காய்ந்த திராட்சை மாதிரி சுருங்கி, எடையே இல்லாமல் இருக்கும். இன்று கடையில் கிடைக்கிற இனிப்பு ரகங்களில் பெரும்பாலானவை மிகை இனிப்பு வகை. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் லாஃப்னன் 1950-களில் இனிப்புக்காக எடுத்து வளர்த்த மரபுக்கூறு அது. சர்க்கரையை மாவாக மாற்றும் நொதி அந்த விதையில் சரியாக வேலை செய்யாது; அதனால் மணி தித்திக்கிறது, காய்ந்தால் சுருங்குகிறது. நாம் தின்னும்போது இனிக்கிற அதே காரணம், விதைக்கும்போது அதை நோஞ்சானாக்குகிறது. முளைக்குக் கொடுத்து அனுப்பக் கட்டுச்சோறு குறைவு. தோல் மெல்லிசு. தண்ணீரை மடமடவென்று குடித்து வெடிக்கும். ஐப்பசி மழையில் கரிசல் மண்ணில் ஊன்றினால் மூன்றாம் நாள் விதை வெண்ணெய் மாதிரி நசுங்கும். செம்மண்ணில் ஒரு மழை அடித்து மேல் மண் ஓடு கட்டினால், முட்டிக்கொண்டு வெளியே வரத் தெம்பு இருக்காது. தீவன விதைக்குச் சொன்ன "ஊன்றிவிட்டால் வந்துவிடும்" என்ற வார்த்தை இந்த விதைக்குப் பொருந்தாது.

அதற்காகத்தான் குழிக்கு இரண்டு விதை ஊன்றச் சொல்கிறார்கள். இரண்டும் முளைத்தால் ஒன்றைப் பிடுங்கிப் போடு என்கிறார்கள். கிலோ ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய விதையில் பாதியைப் பிடுங்கிப் போடுவதற்கு ஒரு முறை, அதற்கு "நேரடி விதைப்பு செலவில்லாதது" என்று ஒரு பெயர். தட்டில் குழிக்கு ஒரு விதை. முளைக்காத குழி தெரிந்துவிடும். முளைத்ததை மட்டும் தோட்டத்துக்குக் கொண்டுபோகிறோம்.

மயிலைப் பற்றிச் சொல்லாமல் கொங்கு நாட்டில் விதைப்பைப் பற்றிப் பேச முடியாது. ஊன்றி மூன்றாம் நாள் விடியக்காலையில் தோட்டத்துக்குப் போனால், பார் நெடுக வரிசையாகப் பள்ளம் கிடக்கும். நாம் ஊன்றிய இடைவெளி பிசகாமல், அளந்து வைத்ததுபோல. பள்ளத்தின் ஓரத்தில் வெள்ளை முளை மட்டும் துண்டாகக் கிடக்கும், விதை இருக்காது. மயிலை யாரும் தொட முடியாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ள பறவை, தொடவும் வேண்டாம். ஆனால் அது தேடி வருவது விதையின் மாவைத்தான். 12 நாள் நாற்றில் அந்த மாவு பெரும்பாலும் தீர்ந்திருக்கும். தோண்டினாலும் சக்கைதான் கிடைக்கும். மயில் சில சமயம் இலையைக் கொத்திவிடும், உண்மைதான். அந்த வயதில் செடியின் வளர்முனை இன்னும் மண்ணுக்குள்ளேயே இருப்பதால், குருத்து மறுபடி வந்துவிடும். கவுதாரிக்கும் எலிக்கும் அணிலுக்கும் இதே கணக்குதான்.

2018-இல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்டு, அதே ஆண்டில் நம் காடுகளுக்கும் வந்துவிட்ட படைப்புழுவுக்கு நடவு மருந்தில்லை. நட்ட பிறகு அது வரத்தான் செய்யும். தட்டில் இருக்கும் 12 நாளும் நாற்று கொசுவலைக்கு அடியில், நம் கண் எதிரில் இருக்கும் என்பது மட்டும் ஆதாயம்.

எனக்கு நடவின் மேல் இருக்கும் பற்றுக்கு இன்னொரு காரணம், போக்கிடம்; அதாவது முளைக்காமலோ செத்தோ காலியாக நிற்கும் இடம். மக்காச்சோளம் காற்றில் மகரந்தம் சேரும் பயிர். கதிரில் தொங்கும் நூல் ஒவ்வொன்றும் ஒரு மணிக்குச் சொந்தம். எந்த நூலில் மகரந்தம் விழவில்லையோ அந்த இடம் பொக்கை. மாடியில் ஒரே வரிசையாகப் பத்துப் பை வைத்துவிட்டு, பல் விழுந்த கதிரைக் கையில் வைத்துக்கொண்டு வருத்தப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குறைந்தது நாலுக்கு நாலு, சதுரமாக நிற்க வேண்டும். எல்லாம் ஒரே வயதில் நிற்க வேண்டும். நேரடியாக ஊன்றி, முளைக்காத இடத்தில் பத்து நாள் கழித்து மறுபடி ஊன்றினால், அந்தச் செடி கடைசிவரை நிழலில் தம்பியாகவே நிற்கும். அது நூல் விடும்போது மற்றவற்றின் ஆண் பூ உதிர்ந்து முடிந்திருக்கும். தட்டில் ஒரே நாளில் விதைத்த நாற்றில் பத்துப் பதினைந்து மீதி வைத்திருந்தால், செத்த இடத்தில் அண்ணன் தம்பி வித்தியாசம் இல்லாமல் நிரப்பிவிடலாம்.

முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தட்டில் மக்கிய நார்க்கழிவு நிரப்பி, விரல் கணு அளவு ஆழத்தில் விதையின் கூர்முனை கீழே இருக்கும்படி ஒன்றொன்றாக வையுங்கள். இரவெல்லாம் ஊறப்போட வேண்டாம். இந்த விதைக்கு அது ஆகாது. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிப் பாலித்தீன் தாளால் மூடி வைத்தால் மூன்று, நாலு நாளில் முளை தெரியும். தெரிந்த அன்றே பிரித்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் நாற்று வெளுத்து நீண்டுவிடும். பிறகு நிழல்வலை, கடைசி மூன்று நாள் முழு வெயில். பத்தாம் நாள் ஒரு நாற்றைக் கழுத்தைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். நார்க்கழிவு உதிராமல் கட்டியாக வந்தால் நடும் நாள் வந்துவிட்டது. உதிர்ந்தால் இரண்டு நாள் பொறுங்கள். 15 நாளைத் தாண்டவே கூடாது.

சாயங்காலம் நடுங்கள். நார்க்கட்டி வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் திரி மாதிரி ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விட்டுவிடும், கட்டி காய்ந்து செடி சுருண்டுவிடும். அதன் மேல் ஒரு அங்குல மண் மூட வேண்டும். கணுவேர் இறங்கப்போகிற இடம் அதுதான், அங்கே ஈரம் இருந்தாக வேண்டும். நட்டவுடன் தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். இந்த மூன்று நாளில் தண்ணீர் தவறினால் நான் இதுவரை சொன்னது எதுவும் உங்களைக் காப்பாற்றாது. 25 முதல் 30 நாளுக்குள் மண் அணைத்துவிட்டால் மேல் கணுவின் வேர்களும் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், காற்றில் சாயாது.

நட்ட செடி ஊன்றிய செடியைவிட மூன்று, நாலு நாள் பிந்திப் பூக்கிறது. என் தோட்டத்தில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் முதல் 12 நாள் அது தோட்டத்தில் இல்லை, தட்டில் இருந்தது. கிணறு வற்றுகிற சித்திரை மாதத்தில், நிலத்தில் ஒரு வாரம் குறைவு என்றால் ஒரு தண்ணீர் மிச்சம். அந்த அருமை கிணற்றை எட்டிப் பார்க்கிறவனுக்குத் தெரியும்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் தன் தீவனக் காட்டில் இன்னும் ஊன்றத்தான் செய்கிறார். வீட்டுப் பிள்ளைகளுக்காகக் கிணற்று மேட்டில் போடும் இரண்டு பாத்தி ஸ்வீட் கார்னுக்கு மட்டும் இப்போது என்னிடம் தட்டு வாங்கிப் போகிறார்.

உங்களிடம் நான் கேட்பதும் அதிகம் இல்லை. வருகிற ஆடிப்பட்டத்தில் ஒரு தட்டு போடுங்கள். அதே நாளில் அதே விதையைத் தோட்டத்தில் ஒரு வரிசை ஊன்றுங்கள். 12-ஆம் நாள் நாற்றை அடுத்த வரிசையில் நட்டுவிடுங்கள். 30-ஆம் நாள் இரண்டு வரிசையிலும் ஒவ்வொரு செடியைத் தோண்டி, வாளித் தண்ணீரில் ஊறவிட்டு, வேரைக் கழுவிப் பாருங்கள்.